ஸ்கிரீன் தஞ்சாவூரில், பாய்லர் அம்மாபேட்டையில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்பதுதான். இரண்டாவது கேள்வி ஆறு மாதம் கழித்து வரும். ஊரில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டரை இங்கிருந்தே பார்த்துச் சரி செய்ய என்ன சாப்ட்வேர் நல்லது? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் என்னிடம் கேட்டவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. மில் அம்மாபேட்டைப் பக்கம். வீடு தஞ்சாவூரில். நடுவில் இருபது கிலோமீட்டர்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கிட்டு ஓட முடியல தம்பி. மில்லுல இருக்கிற ஸ்கிரீன் அப்படியே என் வீட்டு லேப்டாப்புல தெரியணும். வேணும்னா இங்கேயிருந்தே நிறுத்தணும். நல்ல சாப்ட்வேரா ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்றார்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் படிக்கும் இதழில் மில் கம்ப்யூட்டர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அவர் மில்லில் இருப்பதும் உங்கள் மேஜையில் இருக்கும் அதே வகை கம்ப்யூட்டர்தான். அதே விண்டோஸ். அவர் கேட்ட சாப்ட்வேரும் நீங்கள் இலவசமாக டவுன்லோடு செய்யும் அதே சாப்ட்வேர்தான். வீட்டில் தப்பாகப் போனால் போட்டோக்கள் போகும், சில சமயம் வங்கிப் பணம் போகும். மில்லில் தப்பாகப் போனால் நெல்லும் பாய்லரும் சம்பந்தப்படும். எனவே, எந்த வசதியில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பது மில்லில் பளிச்சென்று தெரியும்.

கம்ப்யூட்டர் நெல்லை அவிப்பதில்லை

புழுங்கல் அரிசி எப்படித் தயாராகிறது என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். பழைய முறையில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஊற வைப்பார்கள். அரிசியில் ஒரு வாடை வரும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் சொல்லிக் கொடுத்த வெந்நீர் முறையில், சுமார் 70 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறல் முடிந்துவிடும். பிறகு நீராவி. அவிந்து வரும் நெல்லில் ஈரப்பதம் 35 சதவீதம் அளவுக்கு இருக்கும். டிரையரில் அதை 16 முதல் 18 சதவீதம் வரை இறக்கி, சில மணி நேரம் ஆற விட்டு, மறுபடி காய வைத்து 14 சதவீதத்துக்குக் கொண்டு வருவார்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் சூடாகக் காய வைத்தால் உள்ளே வெடிப்பு விழும். அரவையில் முழு அரிசி குறைந்து குருணை கூடும். குருணை என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வேலைகளை எல்லாம் ஒரு காலத்தில் கையும் மூக்கும் பார்த்தன. நவீன அரிசி ஆலை என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிய விஷயம் ஒன்றும் இல்லை. திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967ல் ஒரு சிறிய தரப் பரிசோதனைக் கூடமாகத் தொடங்கியதுதான், இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தல் நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. இப்போது பெரிய மில்களில் ஊறல் தொட்டி, நீராவி வால்வு, டிரையர், எலிவேட்டர் எல்லாவற்றையும் ஒரு பேனல் பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற சிறிய கருவி ஓட்டுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் பி.எல்.சி.யின் வேலை. அதில் விண்டோசும் இல்லை, மவுசும் இல்லை. மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தக் கருவியோடு பேசி, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டும். ஸ்காடா என்று இந்த சாப்ட்வேரைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் தொங்கிப் போனாலும் மில் நின்றுவிடாது. ஓடிக் கொண்டே இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் டிரைவரின் கண்ணை மட்டும் கட்டியது போல.

ஆகவே மில் கம்ப்யூட்டருக்கு வேகம் முக்கியமில்லை. கிராபிக்ஸ் கார்டு முக்கியமில்லை. நடு ராத்திரியில் யாரையும் கேட்காமல் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து பழைய இடத்தில் நிற்க வேண்டும். பத்து வருடம் மாறாமல் இருக்க வேண்டும்.

எக்ஸ்பியும் டாங்கிளும்

அந்த மில்லில் நான் பார்த்த கம்ப்யூட்டர்கள் இரண்டு. ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8ம் தேதியோடு மைக்ரோசாப்ட் கைகழுவிய சிஸ்டம் அது. இன்னொன்று கடையில் வாங்கிய சாதாரண கம்ப்யூட்டர், விண்டோஸ் 10 ஹோம் எடிஷன். எது மோசம் என்று முதலாளி கேட்டார். எக்ஸ்பிதான் மோசம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார். இரண்டுமே சரியில்லை, ஆனால் எக்ஸ்பி அங்கே இருப்பதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது என்றேன்.

நியாயம் இதுதான். பழைய ஸ்காடா சாப்ட்வேர் எக்ஸ்பியில்தான் ஓடும். அதன் லைசென்ஸ் பிரின்டர் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிளில் இருக்கிறது. பி.எல்.சி.யோடு பேசுவது பழைய சீரியல் கேபிள் வழியாக. சிஸ்டத்தை மாற்றினால் இந்த மூன்றையும் மாற்ற வேண்டும். நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் இதே கதைதான். இதற்கு என் யோசனை எளிது. எக்ஸ்பி ஓடட்டும். ஆனால் அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி விடுங்கள். பென் டிரைவ் செருகும் துளைகளையும் அடைத்து விடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் முழு நகல் ஒன்றை எடுத்துப் பீரோவில் வையுங்கள். இன்டர்நெட் என்ற வார்த்தையே அதன் காதில் விழக் கூடாது.

ஹோம் எடிஷன் விஷயம் வேறு. அது வீட்டுக்காகச் செய்யப்பட்டது. அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் செய்யும். "நான் வேலை செய்யும் நேரம் இது, தொந்தரவு செய்யாதே" என்று நீங்கள் அதற்குச் சொல்லலாம், ஆனால் அதிகபட்சம் 18 மணி நேரம்தான் சொல்ல முடியும். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் மில்லுக்கு 24 மணி நேரமும் வேலை. அந்த மிச்ச ஆறு மணி நேரத்தில் டிரையரில் நெல் இருக்காதா? போதாததற்கு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தும் விட்டது.

விண்டோஸ்தான் வேண்டும் என்றால் தொழிற்சாலைகளுக்கென்றே மைக்ரோசாப்ட் தனியாக ஒரு வகை வைத்திருக்கிறது. விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 என்று வாயில் நுழையாத பெயர். பெயரை விடுங்கள், அதற்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2032 ஜனவரி வரை உண்டு. அதன் விண்டோஸ் 11 வாரிசான 2024 பதிப்புக்கு 2034 வரை. ஸ்டோர் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் புது வசதி என்று எதையும் தலையில் கட்டாது. கடையில் பெட்டியாகக் கிடைக்காது. தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் விற்பவர்கள் மெஷினோடு சேர்த்தே போட்டுத் தருவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ரைட் பில்ட்டர். அதை ஆன் செய்துவிட்டால் டிஸ்க்கில் எதுவுமே நிஜமாக எழுதப்படாது. எழுதுவது போலப் பாவனை செய்து மெமரியில் வைத்துக் கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி சுத்தமாக எழும். நம் ஊர் கரண்டுக்கு இதைவிட நல்ல மருந்து வேறு இல்லை. பதிவாக வேண்டிய கணக்குகளுக்கு மட்டும் ஒரு போல்டரை விதிவிலக்காகச் சொல்லிவிட வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது.

லினக்ஸ்? தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது தனிக் கதை! லினக்ஸ் கேட்காமல் ரீஸ்டார்ட் ஆகாது, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைக்கலாம், லைசென்ஸ் செலவும் இல்லை. குணத்தைப் பார்த்தால் மில் கம்ப்யூட்டருக்கு அதுதான் பொருத்தம் என்பேன். சிக்கல் என்னவென்றால், உங்கள் பி.எல்.சி.யோடு பேசும் ஸ்காடா சாப்ட்வேர் லினக்சில் ஓட வேண்டுமே. இக்னிஷன் போன்ற சில ஓடும். மெஷின் கம்பெனிகள் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பல சாப்ட்வேர்கள் விண்டோசைத் தவிர வேறெதையும் அறியாதவை. அம்மாபேட்டை மில்லில் இருந்ததும் அந்த ரகம்தான். ஆகவே அங்கே லினக்ஸ் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

நாம் வீட்டுக்கு வாங்கும்போது முதலில் பெட்டியை வாங்குவோம், பிறகு சிஸ்டம், கடைசியில்தான் அதில் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிப்போம். மில்லில் இது தலைகீழ். எந்த சாப்ட்வேர் என்பது முதலில். அது எந்த சிஸ்டத்தில், எத்தனை வருட ஆதரவோடு ஓடும் என்பது அடுத்தது. பெட்டி கடைசி.

ஸ்கிரீன் எப்படிப் பயணம் செய்கிறது?

இனி முதலாளி கேட்ட இரண்டாவது விஷயம். தூரத்தில் உள்ள ஸ்கிரீனை இங்கே காட்ட பல வழிகள் உண்டு.

விண்டோசிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் பலருக்கும் தெரியும். வேகமானது, பாஸ்வேர்டும் படமும் பூட்டப்பட்டே போகும். ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. நீங்கள் தஞ்சாவூரிலிருந்து உள்ளே நுழைந்ததும் அம்மாபேட்டையில் இருக்கும் மானிட்டர் பூட்டிக் கொள்ளும். நீங்கள் டிரையர் சூட்டைப் பார்த்து ரசித்துக் கொண்டிருக்கும்போது, டிரையர் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டருக்குத் தெரிவது பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் மட்டுமே. ஒரே அறையில் ஒரே ஒரு ஸ்கிரீன் இருக்கும் மில்லுக்கு இது ஆகவே ஆகாது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். இன்னொன்று, ஹோம் எடிஷனில் வெளியிலிருந்து உள்ளே வரும் வசதியே கிடையாது, புரோ வேண்டும்.

யுனிக்ஸ் உலகத்தில் எக்ஸ் விண்டோ என்று ஒன்று 1984ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. புரோகிராம் ஓரிடத்தில், அதன் ஜன்னல் வேறிடத்தில் என்பதை ஆரம்பத்திலேயே யோசித்துச் செய்தார்கள். பெரிய ஆலைகளில் நன்றாக உழைத்தது. ஆனால் நடுவில் லைன் அறுந்தால் ஜன்னலோடு புரோகிராமும் செத்துவிடும். கிராமத்து பிராட்பேண்டை நம்பி அதைச் செய்ய மாட்டேன்.

வி.என்.சி. 1998ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தின் பிள்ளை. இது அங்கே மானிட்டரில் தெரிவதை அப்படியே இங்கே காட்டும். அங்கே இருப்பவரும் அதையே பார்த்துக் கொண்டிருப்பார். இருவரும் ஒரே படத்தைப் பார்த்துப் போனில் பேசிக் கொள்ளலாம். டைட்வி.என்.சி. போன்றவற்றில் இரண்டு பாஸ்வேர்டு வைக்கலாம். ஒன்று தொட்டு இயக்க. இன்னொன்று பார்க்க மட்டும். கட்டுப்பாட்டு அறைக்கு இதுதான் சரியான வடிவம் என்பது என் தீர்மானமான கருத்து.

குறையும் உண்டு, பெரிய குறை. பழைய வி.என்.சி. முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கில் வரும். படம் பூட்டு இல்லாமல் போகும். எனவே ரவுட்டரில் 5900 என்ற போர்ட்டைத் திறந்து விட்டு வி.என்.சி.யை இன்டர்நெட்டில் நிறுத்துவது, மில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போல. உலகம் பூராவும் அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக் கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. வி.என்.சி. வேண்டுமென்றால் முதலில் ஒரு வி.பி.என். சுரங்கம் போட்டு, அதற்குள் மட்டும் ஓட விட வேண்டும். வயர்கார்டு இலவசம், ஒரு மதிய நேரத்தில் போட்டுவிடலாம்.

இவ்வளவு மெனக்கெட யாருக்குப் பொறுமை? அதனால்தான் டீம்வியூவர், எனிடெஸ்க் என்று போகிறோம். எண்ணைச் சொன்னால் போதும், திறந்துகொள்ளும். நல்ல சாப்ட்வேர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் இருக்கும் ஓர் அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர் "சரி" என்று அழுத்தினால்தான் உள்ளே வர முடியுமா? அல்லது நிரந்தர பாஸ்வேர்டு ஒன்றை வைத்து ஆள் இல்லாமலே நுழையலாமா? அந்த மில்லில் அரிசியில் கறுப்பு பொறுக்கும் கலர் சார்ட்டர் மெஷினை விற்ற கம்பெனி (பெயர் வேண்டாம்) இரண்டாவது வகையைத்தான் போட்டிருந்தது. பாஸ்வேர்டு, கம்பெனியின் பெயரும் 123ம். சர்வீஸ் இன்ஜினியரிடம் போனில் கேட்டேன். "எல்லா மில்லுக்கும் அதேதான் சார், ஞாபகம் வச்சுக்க ஈசி" என்றார். அவர் சொன்ன தொனியில் துளியும் கூச்சம் இல்லை!

தானே நகர்ந்த மவுஸ்

இதெல்லாம் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2015 டிசம்பர் 23ம் தேதி மேற்கு உக்ரைனில் நடந்ததைச் சொல்கிறேன். மின் விநியோகக் கம்பெனி ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கிரீனில் மவுஸ் கர்சர் தானாக நகர்கிறது. ஒவ்வொரு துணைமின் நிலையமாகப் போய் பிரேக்கரைத் திறக்கிறது. இவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. மூன்று கம்பெனிகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இப்படி நடந்து, சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பல மாதங்களுக்கு முன் ஒரு இ-மெயில் இணைப்பைத் திறந்ததில் தொடங்கிய ஊடுருவல் அது. கடைசி நாளில் பிரேக்கர்களைத் திறக்க அவர்கள் பயன்படுத்தியது விசேஷமான ஆயுதம் எதையும் அல்ல. திருடிய பாஸ்வேர்டும், ரிமோட்டில் ஸ்கிரீனை இயக்கும் சாதாரண வசதியும்தான்.

ஆனால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பி வந்தது. எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். கையால் போடத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் ஓல்ட்ஸ்மார் ஊரின் குடிநீர் நிலையத்தில் 2021 பிப்ரவரியில், தண்ணீரில் கலக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு அளவு 100 என்பதிலிருந்து 11,100 என்று ஸ்கிரீனில் மாற்றப்பட்டது. பார்த்துக் கொண்டிருந்த ஆபரேட்டர் உடனே பழையபடி வைத்தார். அங்கே டீம்வியூவர் இருந்தது, எல்லோருக்கும் பொதுவாக ஒரே பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர்களில் ஆதரவு முடிந்த விண்டோஸ் 7. வெளியாள் வேலை என்று முதலில் சொன்னார்கள். 2023ல் அந்த நகரின் முன்னாள் மேலாளர், அது ஊழியர் கைத்தவறாக இருக்கலாம் என்றார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் குழப்பம்தான். பாஸ்வேர்டு பொதுவாக இருந்தால், திருடன் தொட்டானா நம் ஆள் தொட்டாரா என்று பிறகு சொல்லவே முடியாது.

2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிகிப்பா ஊர்க் குடிநீர் வாரியத்தில் நுழைந்தவர்களுக்கு அந்தச் சிரமம் கூட இல்லை. அந்த வகைக் கருவிகள் அப்போது 1111 என்ற பாஸ்வேர்டோடு பெட்டியிலிருந்து வந்தவை.

நம் பக்கத்துக்கு வருவோம். 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் புரோகிராம் புகுந்தது செய்தியானது. அப்படி எதுவும் நடக்க வழியே இல்லை என்று அக்டோபர் 29ம் தேதி நிலையம் மறுத்தது. மறுநாளே, தகவல் உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக் கொண்டது. செப்டம்பர் 4ம் தேதியே எச்சரிக்கை வந்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டர், உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றார்கள். முதல் நாள் மறுத்தது தவறு. ஆனால் இரண்டு நெட்வொர்க்கையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள் பாருங்கள், அதை மில்காரர்களும் காப்பியடிக்கலாம். டாலி கணக்கு, இ-மெயில், யூ-டியூப் எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். பாய்லர் அறைக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் கேபிள் சம்பந்தமே கூடாது.

கேபிளைப் பிரித்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2010ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் பென் டிரைவில் ஏறி ஈரானின் யுரேனிய ஆலைக்குள் போனது. ஈரான், இந்தோனேஷியாவை அடுத்து அது அதிகம் பரவியிருந்தது இந்தியாவில். அது செய்த காரியத்தில் மிகவும் பயங்கரமானது, மெஷின்கள் தாறுமாறாகச் சுற்றும்போது ஸ்கிரீனில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டியது. ஸ்கிரீனும் பொய் சொல்லும்.

ராத்திரி ஷிப்ட்

முதலாளிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது மூன்றாவது காப்பிக்குப் பிறகுதான் வெளியே வந்தது. ராத்திரி ஷிப்டில் இரண்டு பேர். ஆபரேட்டர் ஒருவர், உமி போட்டு பாய்லரைக் கவனிக்கும் வயதான ஒருவர். ஸ்கிரீன் வீட்டுக்கே வந்துவிட்டால் ஆபரேட்டரைப் பகலுக்கு மாற்றிவிடலாம், ஒரு சம்பளம் மிச்சம். ஆள் கிடைக்காத காலம், எனக்கும் புரிகிறது. டெல்டாவில் மில் நடத்துவது லாபம் கொழிக்கும் தொழிலும் இல்லை.

ஆனாலும் இது கூடாது என்று சொல்லிவிட்டேன். ரிமோட் ஸ்கிரீன் ஓர் ஆளுக்குக் கூடுதலாக இன்னொரு ஜோடிக் கண் கொடுக்கும். ஆளுக்குப் பதிலாக நிற்காது. எலிவேட்டர் பெல்ட் கருகும் வாடை இன்டர்நெட்டில் வராது. நீராவிக் குழாயில் கசிவு விழுந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பாய்லருக்குத் தகுதிச் சான்று பெற்ற ஆள் இருக்க வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. மற்ற மெஷின்களுக்குச் சட்டம் கேட்கவில்லை, அதனால் தேவையில்லை என்று ஆகிவிடுமா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டவரும் இல்லை, நெட்டும் இல்லை. அன்றைக்கு வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர் மில்லிலேயே இருக்க வேண்டும். தினமும் கை வைத்தால்தான் கைக்குத் தெரியும்.

"அப்போ நான் நிறுத்தவே முடியாதா?" என்றார்.

"போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கண்ணே. பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியும், யாராவது எலிவேட்டருக்குள்ள கை விட்டுக்கிட்டு இருக்காங்களான்னு" என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் மில்லில் முன்பு ஒருமுறை அப்படி ஒரு விரல் போயிருக்கிறது என்பதை ஆபரேட்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கடைசியில் ஹோம் எடிஷன் கம்ப்யூட்டரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, எல்.டி.எஸ்.சி. போட்ட மெஷின் ஒன்று வந்தது. யு.பி.எஸ். தனி. பயாசில் கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படி அமைத்தோம். வி.பி.என். சுரங்கத்துக்குள் வி.என்.சி., முதலாளியின் லேப்டாப்பில் பார்க்க மட்டும் உள்ள பாஸ்வேர்டு. இயக்கும் பாஸ்வேர்டு ஒரு கவரில் போட்டு மில் பீரோவில். சார்ட்டர் கம்பெனிக்காரர் உள்ளே வர வேண்டுமானால் ஆபரேட்டர் நெட் கேபிளைச் செருகி, "சரி" அழுத்தி, வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுவார். இன்ஜினியருக்கு இதில் வருத்தம்தான். முதலாளிக்கும் முழுத் திருப்தி இல்லை. ராத்திரி ஷிப்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில்

உங்களிடம் பாய்லர் இல்லை. ஆனால் எனிடெஸ்க் இருக்கலாம். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த சாப்ட்வேர் பெயரைச் சொல்லி எச்சரித்தது. மோசடிக்காரர்கள் போனில் பேசி அதை இன்ஸ்டால் செய்ய வைத்து, 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, யு.பி.ஐ. வழியே பணத்தை எடுத்தார்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் உங்கள் ஸ்கிரீனைக் காட்டாதீர்கள்.

சர்வீஸ் செய்ய வந்த பையன் "அடுத்த தடவை நான் வர வேண்டியதில்லை சார், அங்கேயிருந்தே பார்த்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாரா? இன்று மாலை அந்த சாப்ட்வேரைத் திறந்து செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே செக்யூரிட்டி என்ற பிரிவில், ஆள் இல்லாமல் நுழைய அனுமதிக்கும் அன்அட்டெண்டட் ஆக்சஸ் என்ற வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். தேவைப்படும் அன்று நீங்களே திறந்து, நீங்களே எண்ணைச் சொல்லி, வேலை முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மூடினால் போதும். ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டரிலும் இதையே செய்யுங்கள். "சரி" அழுத்தும் பட்டன் எங்கே வரும் என்று அவருக்கு ஒருமுறை காட்டிக் கொடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.